பதினாலு வயதில் ஸ்டியரிங்: ஜூனியர் ஜான்சன் பொறுப்பில்லாத பையனா, பொறுப்பு அதிகமான பையனா?

சார்லட்வாசி:

மகனுக்குப் பதினைந்து முடிந்து லேர்னர்ஸ் வந்துவிட்டது. வீட்டில் மூன்று வேளையும் கார் பேச்சுதான். வட கரோலினாவில் அடுத்த கட்ட லைசன்ஸ் வாங்க 60 மணி நேரம் பெரியவர் பக்கத்தில் உட்கார ஓட்டி, ஒவ்வொரு தடவையும் தாளில் எழுதி, கையெழுத்தும் வாங்க வேண்டும். அதிலும் 10 மணி நேரம் இருட்டிய பிறகு ஓட்டியிருக்க வேண்டும். லைசன்ஸ் வந்த பிறகும் இரவு 9 மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது. "இதெல்லாம் ரொம்ப ஓவர்" என்கிறான். அவனிடம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஜூனியர் ஜான்சன் ஞாபகம் வந்தது, சிறு வயதில் கள்ளச்சாராயம் ஏற்றி ஓட்டி, பிறகு கார் பந்தய வீரரானவர்.

2010-ல் சார்லட் நகரில் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் திறந்த புதிதில் போயிருந்தேன். பளபளவென்று பந்தயக் கார்கள் நிற்க, ஒரு பக்கம் மட்டும் அடுப்பு, கொப்பரை, பீப்பாய், குழாய். சாராயம் காய்ச்சும் முழு செட்! யாரோ செட் போடுபவர் செய்ததில்லை, ஜான்சனே வந்து பொருத்திக் கொடுத்தது. எழுபத்தெட்டு வயதில், எந்தத் தொழிலுக்காக ஜெயிலுக்குப் போனாரோ அதே அடுப்பை மியூசியத்துக்காகக் கட்டியிருக்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1931-ல் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), மலையடிவாரத்தில் பிறந்தவர். அப்பா வாழ்நாள் முழுக்க சாராயத் தொழில். 63 வருட வாழ்க்கையில் ஏறக்குறைய 20 வருடம் சிறையில் கழித்த மனுஷன். 1935-ல் வரி அதிகாரிகள் வீட்டைச் சோதனை போட்டபோது படுக்கிற அறை வரை சரக்குப் பெட்டி. கடலோரம் தவிர்த்து உள்நாட்டில் பிடிபட்டதிலேயே பெரியது என்று அப்போது பேச்சு. மாடியிலிருந்து பெட்டிகளைச் சறுக்கிவிடப் பலகை போட்டார்களாம், வீட்டுப் பிள்ளைகளும் பெட்டிகளோடு சறுக்கி விளையாடினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஜூனியருக்கு அப்போது நாலு வயசு இருக்கும். பதினாலு வயதில் அந்தப் பிள்ளை இரவில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட ஆரம்பித்தது. சாலையில் ஒருமுறைகூட யாரும் பிடித்ததில்லை என்பது அவர் கடைசி வரை சொன்ன பெருமை.

என் கேள்வி இதுதான். இந்தக் கதையை மகனிடம் எப்படிச் சொல்வது? கண்மண் தெரியாமல் ஓட்டிய பையன் என்றா, வீட்டுக்கு உழைத்த பிள்ளை என்றா?

டீசல்மணி:

தம்பி, நான் முப்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்தே காலம் தள்ளியவன். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனுக்கும் லோடு ஏற்றி ஓட்டுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

சரக்கு ஓட்டிய அந்தப் பையன்களுக்குப் பிடித்த வண்டி 1940 ஃபோர்டு கூப், இரண்டு கதவுக் கார். வெளியிலிருந்து பார்த்தால் டாக்டர் வீட்டு வண்டி மாதிரி சாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கை அடுக்குவார்கள், எல்லாம் கண்ணாடி ஜாடி. நூற்றிருபது காலன் ஏற்றினால் நம் கணக்கில் 450 லிட்டர். ஜாடி எடையும் சேர்த்தால் அரை டன். ஃபோர்டுக்கு அத்தனை எடை ஏறினால் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும், பார்த்த போலீஸ்காரன் நாய் மாதிரி பின்னாலேயே வருவான். அதனால் பின் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டி இறுக்குவார்கள். லோடு ஏறினால் வண்டி சமமாக நிற்கும். இதில் ஒரு கோளாறும் உண்டு: சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வெட்டுக்கிளி மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கையில் ஒரு சொட்டுச் சரக்கு இருக்காது, ஆனால் வண்டியே காட்டிக்கொடுக்கும்.

இன்ஜினுக்கு வருகிறேன். ஆம்புலன்ஸாக ஓடிய காடிலாக்கிலிருந்து இன்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள் என்று அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் கதை கதையாய்ச் சொல்வார்கள். பின் விளக்கை அணைக்கத் தனி ஸ்விட்ச். நிலா வெளிச்சத்தில் முன் விளக்கும் போடாமல் ஓட்டுவது.

அப்புறம் அந்தத் திருப்பம். எதிரே ரோட்டை மறித்து நிற்கிறார்கள் என்றால் இரண்டாவது கியருக்கு இறக்கி, ஸ்டியரிங்கை வெட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. பின்பக்கம் சுழன்று வந்த வழிக்கே முகம் திரும்பிவிடும். மண் ரோட்டில், அரை டன் கண்ணாடி ஜாடியோடு! ஒரு ஜாடி உடைந்தாலும் வண்டி முழுக்க வாடை, நஷ்டம் வீட்டுக்கு. இதைப் பொறுப்பில்லாத பையன் செய்ய முடியாது. என் பட்டறையில் பதினெட்டு வயதுப் பையனை முதல் மாதம் ஜாக்கி போடக்கூட விட மாட்டேன்.

வைகறை:

மணி அண்ணா சொல்வதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங்கும் கியரும் பேசிப் பேசி, நடந்தது என்ன என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பதினாலு வயதுப் பிள்ளையை வீட்டார் குற்றத்துக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரையும் வீரன் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. அந்தச் சரக்கு யார் வயிற்றுக்குள் போனது? ஊறலை வடிக்கிறவர்களில் பலர் ஆவியைக் குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டரைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் பற்றவைத்திருக்கும் ஈயம் அப்படியே சரக்கில் இறங்கும். 1951 அக்டோபரில் அட்லாண்டாவில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். வில்க்ஸ்காரர்கள் சுத்தமாகக் காய்ச்சியிருக்கலாம். குடிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

குப்பைமேனி:

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம்? அந்தக் காலத்தில் எங்கள் பக்கம்...

நெறியாளர்:

குப்பைமேனி, அதற்கு வேறு இழை இருக்கிறது. போன முறை அது 400 பதிவு ஓடிப் பூட்ட வேண்டியதாகிவிட்டது. இங்கே வேண்டாம்.

பழையபேப்பர்:

வைகறை டீச்சருக்கு: குற்றம் என்ற சொல்லை அந்த மலைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதுதான் கதையின் அடி. அவர்கள் பார்வையில் அது வெறும் வரிப் பிரச்சினை. 1791-ல் விஸ்கிக்கு மத்திய அரசு வரி போட்டதிலிருந்தே சண்டை. வட கரோலினா 1908-ல் வாக்கெடுப்பு நடத்தித் தானாகவே மதுவிலக்குக்குப் போன மாநிலம், நாடு முழுக்க வந்தது 1920-ல்தான். 1933-ல் நாட்டு அளவில் தடை நீங்கிய பிறகும் பல கவுண்டிகளில் கடை கிடையாது. கடை இருக்கிற ஊரிலோ வரி: 1944-ல் காலனுக்கு 9 டாலர், 1951-ல் 10 டாலர் 50 சென்ட். சோளம் விற்றால் காசு இல்லை, அதையே ஊறப்போட்டு வடித்தால் காசு. மலைச்சரிவில் கலப்பை ஓட்டி ஏழெட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத வீடுகள் அவை. சரி என்று சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

இதே தொழில் இன்னொரு பையனை என்ன செய்தது என்றும் பாருங்கள். ஜார்ஜியா மலைப்பக்கம் டாசன்வில்லில் லாய்ட் சே என்று ஒருவன். அட்லாண்டாவுக்குச் சரக்கு ஓட்டுவதில் மன்னன். ஒருமுறை வேகத்துக்காகப் போலீஸ் நிறுத்தி 10 டாலர் அபராதம் கேட்டபோது 20 டாலர் கொடுத்து, "திரும்பி வரும்போது அவசரத்தில் இருப்பேன், அதற்கும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்" என்றானாம். உண்மையோ இல்லையோ, அவனைப் பற்றிப் பேசினால் இந்தக் கதை வராமல் இருக்காது.

1941 செப்டம்பர் 1, அட்லாண்டா லேக்வுட் மைதானத்தில் பந்தயம் ஜெயித்தான். மறுநாள் காலை செத்துப்போனான். காரில் அடிபட்டு அல்ல. சாராயத்துக்குச் சர்க்கரை வாங்கிய கணக்கு. கடையில் சித்தப்பா பெரியப்பா வழி உறவுக்காரன் வுட்ரோ ஆண்டர்சன் பேரில் எழுதிவிட்டான் என்று தகராறு, அவனே சுட்டுவிட்டான். லாய்டுக்கு வயது 21. கூட நின்ற தம்பியோ அண்ணனோ, ஜிம் என்கிற உடன்பிறந்தவனுக்கும் குண்டு, அவன் பிழைத்துக்கொண்டான்.

டாசன்வில்லில் கல்லறைக் கல்லைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்லில் ஃபோர்டு கூப் ஒன்றைச் செதுக்கி, டிரைவர் ஜன்னல் இருக்கும் இடத்தில் அவன் போட்டோவைப் பதித்திருக்கிறார்கள். செலவு செய்தது ரேமண்ட் பார்க்ஸ், அவனுக்குச் சொந்தக்காரர், சரக்கு முதலாளி, பந்தய முதலாளி.

அந்த பார்க்ஸ் கதையும் கேளுங்கள். வீட்டில் 16 பிள்ளைகளில் மூத்தவர். பதினாலு வயதில் அப்பாவுக்காகச் சாராயம் வாங்கப் போன இடத்தில் பிடிபட்டு உள்ளே போனார். அங்கே சந்தித்த ஒரு சாராயக்காரர் வேலை தருவதாகச் சொல்ல, வெளியே வந்ததும் வீட்டைவிட்டே ஓடிவிட்டார். பின்னாளில் நாஸ்காரின் முதல் சாம்பியன் ஓட்டிய கார் இவருடையதுதான்.

டீசல்மணி:

சர்க்கரைக் கணக்குக்கா? அட கடவுளே. வளைவில் தப்பிய உயிர் மளிகைக் கணக்கில் போயிற்றே.

சார்லட்வாசி:

பழையபேப்பர் சார், பார்க்ஸ் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஜூனியர் பிடிபட்டதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அதைத்தான் முதல் பதிவிலேயே எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

1955-ல் அவருடைய முதல் முழு சீசன். ஐந்து பந்தயம் ஜெயித்தார். அதாவது சட்டப்படி சம்பாதிக்க வழி கிடைத்துவிட்டது, ஊர் பேர் தெரிந்துவிட்டது. 1956-ல் ஒருநாள் பந்தயத்துக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறார். அப்பா, போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வா என்கிறார். இந்த வேலையை விடியுமுன் முடிக்க வேண்டும், வெளிச்சம் வந்தால் புகை தெரியும். களைப்பு, தூக்கம், ஆனாலும் போனார். புதருக்குள் வரி ஏஜெண்டுகள் காத்திருந்தார்கள். ஓடினார். முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டார்.

காரில் பிடிக்கவே முடியாதவனைக் காலால் ஓடும்போது பிடித்தார்கள். இரண்டு வருடத் தண்டனை, ஒஹையோவில் சில்லிகாத்தி ஃபெடரல் சிறையில் 11 மாதம். எத்தனையோ இரவு சரக்கோடு தப்பியவர், அப்பா சொன்ன ஒரு வீட்டு வேலைக்குப் போய் மாட்டினார்.

வைகறை டீச்சர், நீங்கள் சொன்னதும் இதுவும் ஒன்றா, வேறா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

வைகறை:

இதைத்தான் நானும் சொல்கிறேன் தம்பி. இருபத்தைந்து வயது, கையில் வேறு தொழில். "முடியாதுப்பா, தூக்கம் வருகிறது" என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை பாருங்கள். பதினாலு வயதில் பழக்கிவிட்டால் அந்த வார்த்தை வராது. அப்பா மேல் கோபமே இல்லாமல் கடைசி வரை பேசினார் என்றுதான் நானும் படித்தேன். கோபம் இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த அம்மாவைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். கணவன் இருபது வருடம் உள்ளே. வயல், மாடு, பிள்ளைகள், ராத்திரி வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று படுத்துக்கொண்டே காது கொடுப்பது. அதற்கெல்லாம் ஹால் ஆஃப் ஃபேம் கிடையாது.

டீசல்மணி:

டீச்சர், அடி வாங்கிக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அப்பா கூப்பிட்டால் போவதைப் பழக்கம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் அப்பா நடுராத்திரி டயர் பஞ்சர் என்று எழுப்பினால் நானும் எழுந்து போனவன்தான். திட்டிக்கொண்டே போனேன், போகாமல் இருந்ததில்லை.

கறுப்புக்காபி:

நல்ல இழை. ஒரு கோணம் விட்டுப்போனது. சாராயம் ஓட்டிய எல்லாப் பையன்களுக்கும் கதை ஒன்றில்லை.

வர்ஜீனியாவின் டான்வில்லில் வென்டல் ஸ்காட். கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டினார், ராணுவத்தில் மெக்கானிக், பிறகு இரவில் இதே சரக்கு வேலை. 1949-ல் பிடிபட்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. 1952-ல் டான்வில் பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு கறுப்பு டிரைவர் இருந்தால் கூட்டம் சேரும் என்று ஆசை. யாரிடம் போய்க் கேட்டார்கள் தெரியுமா? போலீஸிடம். வேகத்துக்காக அதிகம் மாட்டிய கறுப்பர் யார் என்று கேட்டால், போலீஸ் கொடுத்த பேர் இவருடையது. ஜான்சனை அண்ணன் வந்து கலப்பைக்குப் பின்னாலிருந்து, செருப்புகூட இல்லாத காலோடு, பந்தயத்துக்குக் கூப்பிட்டுப் போனார் என்பார்கள். ஸ்காட்டைப் போலீஸ் ஃபைல் கூப்பிட்டது.

1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில்லில் ஸ்காட் ஜெயித்தார். வெற்றிக் கொடி வேறொருவருக்குக் காட்டப்பட்டது, கோப்பை அவர் கையில் போயிற்று. கூட்டம் கலைந்த பிறகுதான் சுற்றுக் கணக்குத் தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட் 1990-ல் இறந்தார். 2021-ல்தான் நாஸ்கார் குடும்பத்தாரிடம் முறையான கோப்பையைக் கொடுத்தது. ஜான்சனுக்கு 1986 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சாலை, ஒரே சரக்கு.

பழையபேப்பர்:

கறுப்புக்காபி சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை.

மணி அண்ணனின் ஸ்பிரிங் பாடத்துக்கு ஒரு பின்குறிப்பு மட்டும். 1949 ஜூன் 19, சார்லட்டில் நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம், அதாவது கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டும் பந்தயம். முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தால் பின் ஸ்பிரிங்கில் கைவேலை. சரக்கு வண்டி! தகுதி நீக்கி, கன்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள். வண்டிச் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். ஆக நாஸ்காரின் முதல் தகராறே சாராய ஸ்பிரிங்தான்.

டீசல்மணி:

நான் சொன்னேனா இல்லையா, வண்டியே காட்டிக்கொடுக்கும் என்று!

சார்லட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகனிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, சர்க்கரைக் கணக்கு, ஸ்காட் கோப்பை, முள்வேலி எல்லாம். 1960 டேடோனா 500 பந்தயத்தில் மெதுவான செவ்ரலே காரை வைத்துக்கொண்டு, வேகமான பாண்டியாக் கார்களின் வாலை ஒட்டிப் போனால் காற்று இழுத்துக்கொண்டு போகிறது என்று ஜான்சன் கண்டுபிடித்து ஜெயித்த கதைக்குக் கண் விரியும் என்று எதிர்பார்த்தேன். விரிந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி வேறு: "அவங்க அப்பா வந்து ஜெயில்ல பார்த்தாரா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

2007-ல் ஜான்சன் பேரிலேயே சட்டப்படி வரி கட்டிய மூன்ஷைன் (அந்த மலைப்பக்கத்துச் சாராயம்) கடைக்கு வந்தது, குடும்பத்துக் கைப்பக்குவம் என்ற விளம்பரத்தோடு. அதையும் சொன்னேன். "அப்போ அவங்க தாத்தா எதுக்கு உள்ளே இருந்தார்?" என்றான். தாத்தா இல்லை, அப்பா என்று திருத்தினேன். கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜான்சனின் வில்க்ஸ் கவுண்டியில் இருக்கும் வடக்கு வில்க்ஸ்பரோ பந்தய மைதானம் 1996-ல் மூடி, புல் முளைத்துக் கிடந்து, 2023-ல் மறுபடி பெரிய பந்தயம் பார்த்தது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அடுத்த மாதம் போகலாம் என்று இருக்கிறோம். போகும்போது அவன் ஓட்டுவான், வரும்போது இருட்டிவிடும், அதுவும் அவன்தான். 10 மணி நேரத்தில் இன்னும் ஏழரை பாக்கி.

வைகறை:

கூட உட்கார்ந்து போங்கள். தூங்கிவிடாதீர்கள்.

டீசல்மணி:

கிளம்புமுன் டயர் காற்று பார்த்துவிடு தம்பி. ஸ்பேரையும் சேர்த்து.